கணவன் மனைவிக்கு நடுவே ஒரு காகிதம்: ஸ்பவுஸ் விசா பிறந்த கதை

லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீட்டில், மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு, மனைவி கணவனிடம் போய்ச் சேர்வதற்கான ஸ்பவுஸ் விசா என்ற இன்னொரு வேலை தொடங்கிவிடுகிறது. திருமணப் பதிவுச் சான்றிதழ், மாப்பிள்ளையின் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே ஆறு மாதத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், தங்கப்போகும் வீட்டின் வாடகை ஒப்பந்தம், காசநோய் இல்லை என்ற சான்று, ஆங்கிலத் தேர்வு முடிவு, நிச்சயதார்த்தம் முதல் வரவேற்பு வரையிலான படங்கள், இருவரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதற்கான பதிவுகள் என்று ஒவ்வொன்றாகச் சேகரிக்க வேண்டும். மதுரையானாலும் யாழ்ப்பாணமானாலும் காகிதக் கட்டு ஒன்றுதான். அதைச் சேர்த்து முடிக்கும்வரை புதுப்பெண்ணுக்கும் தூக்கம் இல்லை, பெற்றவர்களுக்கும் தூக்கம் இல்லை.

இந்தக் கட்டில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் பிறந்த வருடம் உண்டு. அதைப் பெற்றெடுத்த ஓர் அரசியல் உண்டு. ஊரறிய நடந்த கல்யாணத்தை ஓர் அரசாங்கத்திடம் போய் நிரூபிக்க வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது? இந்தியர்களைப் பொறுத்தவரை அந்தக் கதை நூறு ஆண்டுக்கும் முன்னால், கப்பல் துறையில் தொடங்குகிறது. அதில் தமிழ்ப் பெண்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

துறைமுகத்தில் நின்ற மனைவிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடிகள் எல்லோரும் ஒரே மன்னரின் பிரஜைகள். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கனடாவும் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இந்தியர்கள் வந்து குடியேறுவதை விரும்பவில்லை. மரம் அறுக்கவும் கரும்பு வெட்டவும் ரயில் பாதை போடவும் ஆண்கள் வேண்டியிருந்தார்கள். அவர்களுடைய மனைவிகள் வந்தால் பிள்ளைகள் பிறப்பார்கள், குடும்பம் வேர்விடும், போகமாட்டார்கள். ஆகவே ஆளை வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தடுப்பது என்பது அன்றே ஒரு கொள்கையாகிவிட்டது.

கனடா 1908இல் ஒரு விதி கொண்டுவந்தது. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் கப்பல் மாறாமல் வருபவருக்கே அனுமதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போக வழியே இல்லை. வான்கூவரில் குடியிருந்த பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இரண்டு சீக்கியர்கள் ஊருக்குப் போய் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு 1912 ஜனவரியில் திரும்பினார்கள். கணவர்கள் இறங்கலாம், மனைவிகள் திரும்பிப் போக வேண்டும் என்றது குடியேற்றத் துறை. மாதக்கணக்கில் போராடிய பிறகு, இது கருணையின் பேரில் கொடுத்த விலக்கு, இதை யாரும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்தப் பெண்களைத் தங்க விட்டார்கள். மனைவியோடு வாழ்வது கணவனின் உரிமையா, அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையா என்ற கேள்வி அப்போதே தெளிவாக எழுந்துவிட்டது.

அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அந்தக் கேள்வி வெடித்தது. ஹாசன் ஈசப் என்ற இந்தியர் ஊருக்கு வந்து மணம் முடித்து, மனைவியோடு திரும்பினார். மனைவியை இறங்க விடவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி மால்கம் சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த திருமணத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் திருமணமாக ஏற்காது. ஒருவருக்கு ஒரே மனைவி இருந்தாலும் அந்த மத முறையில் மணந்திருந்தால் அது செல்லாது. ஒரே நாளில் அந்நாட்டின் இந்து, இஸ்லாமிய, பார்சி மனைவிகளில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள்.

அதுவரை காந்தி பெண்களைச் சிறைப் போராட்டத்தில் இறக்கியிருக்கவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களே முன்வந்தார்கள். டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட பெண்கள் அணியில் பெரும்பாலோர் தமிழர்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் நேட்டால் மாகாணத்துக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் மீது போட்டிருந்த மூன்று பவுண்ட் வரியை எதிர்த்த கோபமும், மணவாழ்வை இழிவுபடுத்திய தீர்ப்பை எதிர்த்த கோபமும் அங்கே ஒன்றாயின. பெண்களுக்குக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்டவர் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்; தாய்வழி ஊரான தில்லையாடியின் பெயரால் நாம் அறிந்தவர். அப்போது அவருக்கு வயது 16.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களுக்குச் சட்ட மதிப்பைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு மனைவியையும் அவளுடைய சிறுவயதுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள வழிவிட்டது. மூன்று பவுண்ட் வரியையும் நீக்கியது. தில்லையாடி வள்ளியம்மையைத் தேச விடுதலைத் தியாகியாக நம் பாடப்புத்தகங்கள் போற்றுகின்றன. மனைவி என்ற தகுதியோடு கணவனிடம் போய்ச் சேரும் உரிமைக்காகவும் அந்தச் சிறுமி உயிர் கொடுத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.

1918: சான்றிதழ் பிறக்கிறது

முதல் உலகப் போரில் இந்தியா லட்சக்கணக்கான வீரர்களை அனுப்பியது. போர் முடியும் தறுவாயில் சாம்ராஜ்ய நாடுகள் லண்டனில் கூடின. இந்தியாவின் சார்பில் எஸ். பி. சின்ஹா பேசினார். 1918 ஜூலையில் அந்த மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் தன் குடியேற்றத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே நிரந்தரமாகக் குடியிருக்கும் இந்தியர்கள் மனைவியையும் சிறுவயதுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள விட வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஒருவருக்கு ஒரு மனைவிதான், அவள் சட்டப்படியான மனைவி என்று இந்திய அரசு சான்று தர வேண்டும்.

இன்றைய ஸ்பவுஸ் விசாவின் எலும்புக்கூடு முழுவதும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் ஒருவர் அழைக்க வேண்டும். உறவைச் சட்டம் ஏற்க வேண்டும். அதை ஓர் அரசு அலுவலகம் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கனடா 1919இல் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிறகும் பல ஆண்டுகள் வெகு சில பெண்களால்தான் போய்ச் சேர முடிந்தது. உரிமையைக் கொடுத்த அதே வரி, அந்த உரிமையைக் காகிதத்தின் பின்னால் பூட்டியும் வைத்தது.

திறந்திருந்த கதவும் 1969ஆம் ஆண்டும்

பிரிட்டனுக்குள் கதை வேறு மாதிரி ஓடியது. அங்கே நீண்ட காலம் மனைவிக்கு விசா தேவைப்படவே இல்லை. பிரிட்டிஷ் ஆணை மணந்த அந்நியப் பெண் தாலி ஏறியதுமே பிரிட்டிஷ் பிரஜையாகிவிடுவாள். அந்நிய ஆணை மணந்த பிரிட்டிஷ் பெண்ணோ தன் குடியுரிமையை இழந்துவிடுவாள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகே இந்த முறை மாறியது. அதே சட்டத்தின் கீழ் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற காமன்வெல்த் நாட்டவர் யாரும் பிரிட்டனுக்குப் போய் வேலை பார்க்கலாம், குடியேறலாம். போரில் நொறுங்கிய நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. மிட்லண்ட்ஸ் பகுதியின் வார்ப்பட ஆலைகளுக்கும் பிராட்ஃபோர்ட் நூற்பாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர்கள் போனார்கள்.

1962இல் கதவு பாதி மூடியது. அந்த ஆண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வேலைக்கு வருபவர்களுக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஏற்கெனவே குடியேறியவரின் மனைவியும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வருவதைச் சட்டப்படியான உரிமையாகவே வைத்திருந்தது. சில வருடம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றிருந்த ஆண்கள், இனி ஒருமுறை போய்விட்டால் மறுபடி வர முடியாமல் போகலாம் என்று அஞ்சிக் குடும்பத்தையே அழைத்துக்கொண்டார்கள். தடுப்பதற்குப் போட்ட சட்டம் குடும்பங்கள் வருவதற்கே காரணமாயிற்று. அரசின் பார்வை வேலையாட்களிலிருந்து மனைவிகளின் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

1969இல் குடியேற்ற மேல்முறையீட்டுச் சட்டம் வந்தது. அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்கு முறையிடும் வழி தருவது அதன் நோக்கம். அதே சட்டத்தில் வேறொரு பிரிவையும் சேர்த்தார்கள். இனி மனைவி மக்கள் யாரும் லண்டன் விமான நிலையத்தில் வந்திறங்கி அனுமதி கேட்கக் கூடாது. சொந்த நாட்டிலேயே பிரிட்டிஷ் ஹைகமிஷனில் விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, நுழைவுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நீண்ட தூரம் வந்து திருப்பி அனுப்பப்படும் துயரத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்றார் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன்.

இன்று நாம் ஸ்பவுஸ் விசா என்று சொல்வது நடைமுறையில் பிறந்தது இங்கேதான். உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. ஆனால் அதை அடைய டெல்லி, பம்பாய், இஸ்லாமாபாத், டாக்கா அலுவலகங்களில் வரிசை நின்றது. நேர்காணலுக்கான காத்திருப்பு மாதங்களைத் தாண்டி வருடங்களானது. எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்ணிடம், மாமியார் வீட்டில் எத்தனை அறை, மைத்துனர்களின் பிள்ளைகள் எத்தனை பேர், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டு, அங்கே கணவர் சொன்ன பதிலோடு ஒப்பிட்டார்கள். ஒரு பதில் மாறினால் பொய் என்று முடிவு. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினால் பத்திரிகை எழுதும், நாடாளுமன்ற உறுப்பினர் கேட்பார். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண் மூன்று வருடம் காத்திருந்தால் யாருக்கும் தெரியாது.

இப்படிச் சந்தேகித்ததில் எத்தனை குடும்பங்கள் உண்மை சொல்லியும் நம்பப்படாமல் போயின என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். பிரிட்டனில் பிறந்த அன்வர் டிட்டா என்ற பெண், பாகிஸ்தானில் இருந்த தன் மூன்று பிள்ளைகளை அழைக்க விண்ணப்பித்தபோது, அவை உன் பிள்ளைகளே அல்ல என்றது உள்துறை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார் அவர். கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுத்த ரத்தப் பரிசோதனை உண்மையை நிறுவ, 1981இல் பிள்ளைகள் தாயிடம் வந்து சேர்ந்தார்கள். 1985இல் கானாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், இவன் என் மகன் என்று ஒரு தாய் சொன்னதை அதிகாரிகள் ஏற்கவில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் அதற்கு முந்தைய ஆண்டு கண்டறிந்திருந்த டிஎன்ஏ ரேகை முறையால் அது உண்மை என்று நிரூபணமானது. கொலைகாரனைப் பிடிப்பதற்கும் முன்பே டிஎன்ஏ உலகில் முதன்முதலாகப் பயன்பட்டது, ஒரு தாய் பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்குத்தான்.

ஹீத்ரோ, ஜனவரி 1979

இந்தக் கதையின் மிகக் கொடிய பக்கம் 1979 ஜனவரி 24. டெல்லியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, வயது 35, தன் வருங்காலக் கணவரை மணப்பதற்காக ஹீத்ரோவில் இறங்கினார். மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய சான்றிதழ் தேவையில்லை. ஏற்கெனவே மனைவியானவருக்கு மட்டுமே தேவை. வரிசையைத் தவிர்ப்பதற்காகத் திருமணத்தை மறைக்கிறார் என்று சந்தேகித்த அதிகாரிகள், அவர் கன்னியா என்று பார்க்கும்படி ஓர் ஆண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. இந்திய அரசு கண்டித்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஆசியப் பெண்கள் விமான நிலையத்திலேயே திரண்டு போராடினார்கள். உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் அந்தச் சோதனையை நிறுத்த உத்தரவிட்டார். அது எங்கோ ஓர் அதிகாரி செய்த தவறு என்ற அளவில் அரசு பேசியது. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டிஷ் அரசின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, இந்தியாவில் இருந்த அலுவலகங்களில் குறைந்தது 80 பெண்கள் இந்தச் சோதனைக்கு ஆளானது வெளியே வந்தது. திருமணம் உண்மையா என்ற கேள்வியை அரசின் கையில் வரம்பின்றிக் கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கணவர்களுக்கு வேறு விதி

மனைவி வருவதற்காவது சட்டத்தில் இடம் இருந்தது. கணவன் வருவதற்கு அதுவும் இல்லை. காமன்வெல்த் நாட்டுக் கணவர்கள் பிரிட்டனில் இருக்கும் மனைவியிடம் வந்து குடியேறுவதை 1969இன் தொடக்கத்திலேயே நிறுத்தினார்கள். பெண் கணவன் வீட்டுக்குப் போவதே இயல்பு, கணவன் மனைவி வீட்டுக்கு ஏன் வர வேண்டும் என்பது அரசின் வாதம். 1967இல் தொடங்கிய குடியேறியோர் நலக் கூட்டுக் கவுன்சில் போன்ற அமைப்புகளும் பிரிந்து வாழ்ந்த பெண்களும் போராடியதால் 1974இல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அந்தத் தடையை நீக்கினார்.

ஆறே ஆண்டுகள்தான். மார்கரெட் தாட்சரின் கட்சி 1979 தேர்தல் அறிக்கையிலேயே அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லியிருந்தது. 1980இல் வந்த விதிகளின்படி, பிரிட்டனில் பிறந்த அல்லது பிரிட்டனில் பிறந்த தாயையோ தந்தையையோ உடைய பிரிட்டிஷ் பெண் மட்டுமே கணவனை அழைக்கலாம். அதோடு வந்ததுதான் முதன்மை நோக்க விதி. இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று மாப்பிள்ளை நிரூபிக்க வேண்டும். திருமணம் உண்மையானதாக இருக்கலாம், இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கலாம், சேர்ந்து வாழ நினைக்கலாம். அது போதாது. மனதில் என்ன இல்லை என்பதை நிரூபித்துக் காட்ட வேண்டும்.

நேர்காணலில் எந்தப் பதில் சொன்னாலும் சிக்கல். அங்கே போய் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துவேன் என்று நேர்மையாகச் சொன்னால், வேலைக்காகத்தான் கல்யாணம் என்று எழுதினார்கள். உங்கள் வழக்கப்படி பெண்தானே கணவன் வீட்டுக்கு வர வேண்டும், நீ ஏன் போகிறாய் என்று கேட்டு, வழக்கத்தை மீறியதையே குடியேற்ற ஆசைக்குச் சான்றாக்கினார்கள். பெற்றவர்கள் பார்த்துப் பேசி முடிக்கும் திருமணத்தில் மாப்பிள்ளை எங்கே வாழ்வது என்பதும் பேச்சின் ஒரு பகுதி. நம் வீடுகளில் அது மறைக்கும் விஷயமே இல்லை. அந்த வெளிப்படைப் பேச்சே இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச மாப்பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பியது.

பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றிருந்த மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அப்துல் அஜீஸ், கபாலெஸ், பால்கந்தாலி என்ற அவர்களின் பெயர்களாலேயே அந்த வழக்கு அறியப்படுகிறது. வேலைச் சந்தையைக் காக்கவே கணவர்களைத் தடுக்கிறோம் என்று பிரிட்டன் வாதிட்டது. 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது: மனைவியை அழைக்க ஆணுக்கு உள்ள வாய்ப்பைக் கணவனை அழைக்கப் பெண்ணுக்கு மறுப்பது பால் பாகுபாடு.

பெண்கள் வென்றார்கள். அரசு அந்த வெற்றியை எப்படி நிறைவேற்றியது? பெண்களுக்கு இருந்த தடையை எடுக்கவில்லை. அதே தடையை ஆண்கள் மீதும் போட்டது. சில மாதங்களில் விதிகள் மாறி, மனைவிகளும் முதன்மை நோக்க விதிக்குள் வந்தார்கள். 1973க்கு முன் குடியேறியவர்களின் மனைவி மக்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் 1988ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிவிட்டது. சமத்துவம் வந்தது, கதவு இன்னும் குறுகியது.

தமிழர்களுக்கு அதே 1985 மே மாதம் வேறொரு கதவும் மூடியது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அடைக்கலம் தேடிப் போன ஈழத் தமிழர்களைத் தடுப்பதற்காக, இலங்கையர் எல்லோரும் விசாவோடுதான் வர வேண்டும் என்று பிரிட்டன் அறிவித்தது. அப்படி விசா கட்டாயமான முதல் காமன்வெல்த் நாடு இலங்கை. அடுத்த ஆண்டு இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கடிதமும் டெலிபோன் பில்லும்

முதன்மை நோக்க விதியோடு மல்லுக்கட்டிய வழக்குகளில்தான், இன்றைய விண்ணப்பதாரர் சேகரிக்கும் உறவுச் சான்றுகள் பிறந்தன. மணமான நாளில் மாப்பிள்ளையின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம் என்று 1980களின் பிற்பகுதியில் நீதிமன்றங்கள் கூறின. மறுக்கப்பட்ட பிறகும் மனைவி வந்து வந்து பார்த்துப் போயிருக்கிறாளா, கடிதம் எழுதிக்கொண்டார்களா, குழந்தை பிறந்திருக்கிறதா என்பதெல்லாம் திருமணத்தின் நோக்கத்தைக் காட்டும் என்றன. அந்தத் தீர்ப்புகளால் பல தம்பதிகள் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து கணவன் மனைவி எழுதிக்கொண்ட கடிதங்கள் அந்தரங்கமாக இருக்கவில்லை. ஏர்மெயில் உறைகளும் டெலிபோன் பில்களும் வக்கீலின் கோப்புக்குள் போயின. இன்று வாட்ஸ்அப் பதிவுகள் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

சட்டத்தைச் சுற்றியும் ஒரு வழி திறந்தது. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரிட்டிஷ் பெண்ணை மணந்து, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுப் பிரிட்டன் திரும்பினார்கள். ஐரோப்பிய சமூகத்தின் வேறொரு நாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பும் குடிமகளின் கணவனை உள்நாட்டு விதி தடுக்க முடியாது என்று 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த நாட்டில் கணவனோடு வாழ்வதற்காக எத்தனையோ பிரிட்டிஷ் பெண்களும் ஆண்களும் அயர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போய் வேலை பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு அந்த வழி மூடிவிட்டது.

1997 ஜூனில், ஆட்சிக்கு வந்த ஒரே மாதத்தில், லேபர் அரசின் உள்துறை அமைச்சர் ஜேக் ஸ்ட்ரா முதன்மை நோக்க விதியை ஒழித்தார். 17 ஆண்டுகள் நீடித்த விதி அது. அதே ஆண்டு, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இணையர்களுக்கும், தன்பால் இணையர்களுக்கும் சலுகை கிடைத்தது. 2000இல் அது விதியாயிற்று.

அன்புக்கு வருமான வரம்பு

நோக்கத்தைக் கேட்பது நின்றது. பிறகு வயது வந்தது, மொழி வந்தது, பணம் வந்தது. கட்டாயத் திருமணங்களைத் தடுப்பதாகச் சொல்லி 2008இல் குறைந்தபட்ச வயதை 21 ஆக்கினார்கள். விருப்பத்தோடு மணந்த இளந்தம்பதிகளை இது பிரிக்கிறது என்று 2011இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010 நவம்பரில் வருவதற்கு முன்பே ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். 2012 ஜூலை 9 அன்று வருமான வரம்பு வந்தது: அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்ட் சம்பாதிக்க வேண்டும். அரசின் உதவித்தொகை தேவைப்படாத அளவு எது என்று ஆலோசனைக் குழு கணக்கிட்டுச் சொன்ன எண் அது. பிள்ளைகளும் கூட வந்தால் தொகை கூடியது. நிரந்தர வாசத்துக்கான காத்திருப்பையும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாக்கினார்கள்.

முதல் விண்ணப்பத்தில் அழைப்பவரின் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். சென்னையில் கை நிறையச் சம்பாதிக்கும் மனைவியின் வருமானம் கணக்கில் வராது. லண்டன் கடையில் பகுதி நேரம் நிற்கும் கணவனின் சீட்டுதான் இருவருக்கும் விதி. பெண்களுக்கும், இளம் வயதினருக்கும், லண்டனுக்கு வெளியே குறைந்த கூலியில் வாழ்பவர்களுக்கும் இந்த எண் எட்டாமல் போனது. தாயையோ தந்தையையோ கணினித் திரையில் மட்டும் பார்த்து வளரும் குழந்தைகள் பெருகினார்கள். ஸ்கைப் குடும்பங்கள் என்ற பெயரே அவர்களுக்கு வந்தது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2015இல் அவர்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டார்.

2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வருமான வரம்பு வைப்பது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. ஆனால் குழந்தையின் நலனை விதிகள் போதுமான அளவு கவனிக்கவில்லை. தேவைப்படும் வழக்குகளில் உறவினர் உதவி போன்ற வேறு ஆதாரங்களையும் பார்க்க வேண்டும். விதிகள் அதன்படி திருத்தப்பட்டன. வரம்பு மட்டும் இறங்கவில்லை. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்டாக உயர்ந்தது. 38,700 வரை கொண்டுபோகும் திட்டத்தை அடுத்து வந்த அரசு நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்ட். அதற்கு மேல் மருத்துவ வரி ஆண்டுக்கு 1,035 பவுண்ட். முதல் 33 மாத விசாவுக்கு இரண்டும் சேர்த்து 5,000 பவுண்டைத் தாண்டுகிறது. மறுத்துவிட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது.

இந்தக் கதை சொல்வது

1912 முதல் இன்று வரை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எந்தக் கேள்வியும் குடும்பத்தின் நன்மைக்காகப் பிறக்கவில்லை. வருபவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற முடிவு முதலில் பிறந்தது. அதற்கேற்ற கேள்வி பிறகு வந்தது. எந்த மதத்தில் மணந்தாய், மாமியார் வீட்டில் எத்தனை அறை, ஏன் மணந்தாய், எவ்வளவு சம்பளம் என்று கேள்வி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. போலித் திருமணங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பொய் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் நீதி அப்படித்தான் இயங்குகிறது. கணவனும் மனைவியும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது மட்டும் அது தலைகீழாகிறது.

தெளிவாகும் இன்னொன்று நம்பிக்கை தருவது. இந்த நூறு ஆண்டில் தளர்ந்த ஒவ்வொரு விதியும் யாரோ விட்டுக்கொடுக்காமல் நின்றதால் தளர்ந்தது. நியூகாசிலுக்குப் போன தமிழ்ப் பெண்கள், ஹீத்ரோவில் திரண்டவர்கள், ஸ்ட்ராஸ்பர்க் வரை போன மூவர், ஊர் ஊராகப் பேசிய அன்வர் டிட்டா ஆகியோரில் எவரும் அதிகாரத்தில் இருந்தவர்கள் அல்லர்.

எனவே இன்று இந்தக் கட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் சொல்ல வேண்டியவை சில. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பவர் மாற்றுத்திறனாளிக்கான அல்லது பராமரிப்பாளருக்கான குறிப்பிட்ட உதவித்தொகை பெறுபவராக இருந்தால் 29,000 என்ற வரம்பு அவருக்குப் பொருந்தாது. பலர் இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கதை முடிந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாள் இருக்கிறது. அந்த 28 நாளை அழுதே கழித்துவிடாமல் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள். யாருடைய பேச்சைக் கேட்டும் ஒரு தேதியைக்கூட மாற்றாதீர்கள். ஒரு பொய்யான ஆவணம் பத்தாண்டுத் தடையைக்கூடக் கொண்டுவரலாம். உங்கள் திருமணம் உண்மை என்றால் அதற்காகக் கேட்பது சலுகை இல்லை, உங்களுக்கு முன்னால் பலர் சிறை சென்றும் வழக்காடியும் பெற்றுத் தந்த உரிமை. தலைநிமிர்ந்து கேளுங்கள்.